உப்பில்லாத தண்ணீர்

எங்கள் சர்வீஸ் மெக்கானிக்குகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான்கு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். பக்கத்துக்கு எத்தனை வரி என்று மூன்று முறையும் கேட்டேன். மூன்று முறையும் "உங்க இஷ்டமுங்க" என்றார். இஷ்டம் என்பது ஓர் அளவு ஆகாது. பக்கத்துக்கு முப்பது வரி என்று நானே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அச்சில் கூடினாலும் குறைந்தாலும் நான் பொறுப்பல்ல.

எதைப் பற்றி என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார். இப்போது பேட்டரி சார்ஜர்கள் மூடிய பெட்டியாக வருகின்றன. கெட்டால் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டுகிறார்கள். "அதுக்குள்ள அப்படி என்னதானுங்க ரிப்பேர் பண்ணுனீங்க" என்று சங்கத்து இளைஞர்கள் கேட்கிறார்களாம். நியாயமான கேள்விதான். என்னிடம் பதினோரு நோட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வேலைக்கும் வரிசை எண், போன நேரம், எடுத்த அளவுகள், மாற்றிய பொருள் எல்லாம் அவற்றில் உண்டு. அவற்றைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் மூன்று வருடம் எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தேன். அந்த மூன்று வருடத்தில் பேட்டரி சார்ஜருக்கு ஒதுக்கியது ஒன்றரை மணி நேரம். எண்பதுகளின் நடுவில், திருப்பூரில் ஜெனரேட்டர் பேனல்களும் சார்ஜர்களும் செய்து பராமரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தேன். நாங்கள் ஐந்து பேர். ஊத்துக்குளியிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து போவேன். அந்த வருடங்களில் பனியன் ஆர்டர் பெருகிக்கொண்டே போயிற்று, கரண்ட் பெருகவில்லை. அதனால் ஃபேக்டரிக்கு ஃபேக்டரி ஜெனரேட்டர் வந்தது. எவ்வளவு பெரிய எஞ்சினாக இருந்தாலும் அதை எழுப்புவதற்கு இரண்டு பேட்டரி வேண்டும். அந்தப் பேட்டரிகள் எந்த நிமிடமும் தயாராக இருக்க, சுவரில் ஒரு சார்ஜர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆளுயர எஞ்சினுக்குப் பூப்போட்டு வணங்குவார்கள். சார்ஜரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அது நிற்கும் வரை.

எங்களுக்கு மேலே இருந்தவர் தேவசகாயம் சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். திருப்பூருக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகியும் அவர் பேச்சு அங்கேயேதான் இருந்தது. சார்ஜரின் மூடியைத் திறக்குமுன் ஏழு அளவுகள் எடுக்க வேண்டும் என்பது அவர் சட்டம். உள்ளே வரும் கரண்ட், டிரான்ஸ்ஃபார்மர் தாண்டி வருவது, பேட்டரி இல்லாமல் வெளிவருவது, பேட்டரிக்குப் பதில் பல்புகளை மாட்டினால் எவ்வளவு தாங்குகிறது, வெளிவருவதில் ஏசி எவ்வளவு கலந்திருக்கிறது, பேட்டரி மாட்டியபின் வோல்டேஜ், மாட்டியபின் ஓடும் ஆம்பியர். ஏழையும் எழுதாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் கையிலிருந்து வாங்கிக்கொள்வார், திட்டமாட்டார். கழற்றிய ஸ்க்ரூக்களை மூடியின் மேல், எந்த மூலையில் இருந்ததோ அந்த மூலையிலேயே வைக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூ குறைந்தால் அன்று அவர் சாப்பிடப் போக மாட்டார். நாங்களும் போக முடியாது.

அவரிடம் எந்த அளவைச் சொன்னாலும் ஒரே ஒரு கேள்விதான் வரும்: "பாத்தீரா, கேட்டீரா?" ஃபேக்டரிக்காரர் சொன்னதைக் கேட்டு எழுதினால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி அனுப்புவார். ஒருமுறை பெருமாநல்லூர் வரைக்கும் சைக்கிளில் திரும்பப் போய், ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு வந்தேன். கேட்டதும் பார்த்ததும் ஒன்றாகவே இருந்தது. அதைச் சொன்னேன். "இப்பம் அது உம்ம எண்ணு" என்றார்.

சேர்ந்த இரண்டாம் வருடம் ஓர் எக்ஸ்போர்ட் ஆபீசில் ஒரு பவர் சப்ளை என்னை அலைக்கழித்தது. வேறு ஏதோ கருவிக்காக வாங்கியது அது. சரியாகப் பதிமூன்று புள்ளி எட்டு வோல்ட் தந்ததால் செக்கிங் அறையின் எமர்ஜென்சி விளக்கு பேட்டரிக்கு சார்ஜராக மாட்டிவிட்டார்கள். மாதம் ஒருமுறை எரிந்துபோகும். மூன்று முறை போனேன். மூன்று முறையும் உள்ளே ஒரே பாகம் போயிருந்தது. மாற்றினேன், ஏழு அளவும் எடுத்தேன், ஏழும் சரியாக இருந்தன. நான்காவது முறை சார் கேட்டார்: "கரண்ட் போவும்போது நீரு அங்கன இருந்தீரா?" இல்லை. கரண்ட் இருக்கும்போது போய், கரண்ட் இருக்கும்போது சரிபார்த்து, கரண்ட் இருக்கும்போது திரும்பியிருந்தேன்.

மறுநாள் அந்த ஆபீசில் போய் மீட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திருப்பூரிலேயே கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவன் அன்று நான் ஒருவன்தான். டைப்பிஸ்ட் அம்மா இரண்டு தடவை, "நீங்க வந்து உக்காந்தா கரண்ட்டே போறதில்லீங்க, தினமும் வாங்க" என்றார். மூன்றே கால் மணி நேரம் கழித்துப் போயிற்று. மீட்டரின் முள் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. பவர் சப்ளைக்கு வெளியே தள்ளத்தான் தெரியும், உள்ளே வருவதைத் தடுக்கத் தெரியாது. கரண்ட் நின்றதும் பேட்டரி தன்னிடம் இருப்பதை அதற்குள்ளேயே திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு திசையில் மட்டும் கரண்ட்டை விடும் ஒரு டயோடை நடுவில் வைத்து, அது தின்னும் முக்கால் வோல்டைக் கூட்டி வைத்தேன். அதன்பிறகு அங்கிருந்து அழைப்பு வரவில்லை.

இளைஞர்கள் கேட்ட கேள்விக்கு இது பாதிப் பதில். மீதிப் பதில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நொய்யலுக்குத் தெற்கே இருந்த ஒரு சாயப்பட்டறையில் நடந்தது. பட்டறையின் பெயர் வேண்டாம்.

சாயத் தொட்டியில் துணி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் சுற்றும் உருளையான வின்ச் நின்றால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அதனால் கரண்ட் போன சில நிமிடங்களுக்குள் ஜெனரேட்டர் ஓடியாக வேண்டும். அங்கே நான்தான் சார்ஜர் மாட்டினேன். ஏழு மாதத்தில் பேட்டரிகள் இரண்டும் செத்தன. புதிய ஜோடி வாங்கினார்கள், அது ஐந்து மாதம் வந்தது. மூன்றாவது ஜோடிக்கு நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு காலையில் எக்ஸ்போர்ட் லாட் தொட்டியில் இருக்க, கரண்ட் போய், ஜெனரேட்டர் முனகிவிட்டு நின்றுவிட்டது. லாட் முழுவதும் கெட்டது.

ஜெனரேட்டர் ஆபரேட்டர் சின்னச்சாமி. சேவூர்க்காரர், அப்போது ஐம்பதைத் தாண்டியவர். சொந்தத் தோட்டத்தில் ஆயில் எஞ்சின் ஓட்டியவர், கிணறு வற்றியபின் இங்கே வந்திருந்தார். என்னைவிடப் பெரியவர் என்பதால் நான் அவரை அண்ணன் என்பேன். அவர் என்னைச் சார் என்பார். அவரைப்போல் ஜெனரேட்டர் அறையை வைத்திருந்தவரை நான் பார்த்ததில்லை. எண்ணெய்த் துணிகளைக்கூட மடித்து வைத்திருப்பார்.

அன்று போய் ஏழு அளவும் எடுத்தேன். பேட்டரி மாட்டியபின் வோல்டேஜ் இருபத்தேழு, இருக்க வேண்டியதும் அதுதான். ஆம்பியர் மட்டும் சரியில்லை. பேட்டரி நிறைந்தபின் அரை ஆம்பியருக்குக் கீழே இறங்க வேண்டியது, இரண்டிலேயே நின்றது. கன்ட்ரோல் கார்டை மாற்றினேன். அதே இரண்டு. பேட்டரிக்குப் பதில் பல்புகளை மாட்டினால் சார்ஜர் சொன்னபடி கேட்டது. ரிப்போர்ட்டில் மூன்று சொற்கள் எழுதினேன்: சார்ஜர் நன்றாக உள்ளது. கையெழுத்துப் போட்டுப் பட்டறை முதலாளியிடம் கொடுத்தேன்.

அவர் அதை வேறு விதமாகப் படித்தார். சார்ஜர் நன்றாக இருந்தால், ஒன்றேகால் வருடத்தில் ஆறு பேட்டரி எப்படிப் போகும். ஆபரேட்டர் புதியதைக் கழற்றி வெளியே கொடுத்துவிட்டு, எங்கிருந்தோ பழையதைக் கொண்டுவந்து வைக்கிறான் என்பது அவர் கணக்கு. என் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி வின்ச் ஓடும் கூடத்துக்குப் போனார். முப்பத்தொரு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "சேவூர்ல உன்ற ஊட்டுல எத்தன பேட்டரி வெச்சிருக்கறே?" என்று சின்னச்சாமியைக் கேட்டார். சனிக்கிழமை வரைக்கும் நேரம் தருவதாகவும், பேட்டரி திரும்பாவிட்டால் வேலையும் இல்லை, போலீசும் வரும் என்றும் சொன்னார். அன்று திங்கள்.

சின்னச்சாமி கையில் இருந்த துணியை மடித்தார். பிறகு அதைப் பிரித்து மறுபடி மடித்தார்.

நான் எழுதியதில் பொய் இல்லை. ஆனாலும் ரயிலில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே ஊருக்குப் போனேன். வீட்டில் நோட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு ஜோடி மாட்டியபோதும் பேட்டரியின் மேல் பொறித்த எண்களை எழுதி வைத்திருந்தேன். மறுநாள் போய் ஒப்பிட்டேன். சுவரோரம் கிடந்த செத்த பேட்டரிகள் நான்கும் நான் பார்த்தவையே. எஞ்சினில் இருந்த இரண்டும் அப்படியே. ஒன்றுகூட மாறவில்லை. முதலாளியிடம் காட்டினேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படீன்னா தண்ணி ஊத்தாமக் காயப் போட்டிருப்பானுங்க. எப்படியும் அவந்தானுங்க" என்றார்.

எஞ்சினில் இருந்த இரண்டு பேட்டரியின் பன்னிரண்டு மூடிகளையும் திறந்து பார்த்தேன். பன்னிரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் இருந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் ஒரு நூல் வித்தியாசம் வராது.

தேவசகாயம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பேட்டரிய இங்கன கொண்டாரும். அங்கன நம்மளுதுல ஒரு ஜோடிய வையும்" என்றார். புதன்கிழமை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் பட்டறையின் பின்பக்கம் சார்ஜில் போட்டோம். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சார் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன வாசம்யா இது?"

"ப்ளீச்சிங் வாசம் சார்."

"இங்கன ஏதுய்யா ப்ளீச்சிங்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். சுற்றிலும் சாயப்பட்டறை எதுவும் இல்லை. வாசம் பேட்டரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தச் சாயப்பட்டறையில் துணி வெளுக்கும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் அதே வாசம் காலை முதல் மாலை வரை வீசியதால், பேட்டரி தனியாக வீசியதை யாரும் அறியவில்லை. ஒரு வருடமாகப் போய் வந்த நானும் அறியவில்லை. பேட்டரிக்குள் உப்பு போனால் சார்ஜ் ஏறும்போது அந்த வாசம் கிளம்பும் என்று சார் சொன்னார். பேட்டரி உள்ளுக்குள்ளேயே தன்னைத் தின்றுகொள்ளும். சார்ஜர் எவ்வளவு கொடுத்தாலும் போதாது, ஆம்பியர் இறங்கவே இறங்காது.

அதையும் பார்க்க வேண்டும் அல்லவா. பக்கத்துப் பள்ளியின் வேதியியல் ஆசிரியரிடம் சார் சில்வர் நைட்ரேட் கொஞ்சம் வாங்கி வந்தார். உப்பு இருந்தால் அது வெளுத்துக் காட்டும். ஒரு கண்ணாடிக் குப்பியில் புதுப் பேட்டரியின் அமிலம், இன்னொன்றில் இந்தப் பேட்டரியின் அமிலம். இரண்டிலும் காய்ச்சி வடித்த பேட்டரி வாட்டர் நிறையக் கலந்து, அதை ஒரு சொட்டு விட்டார். முதலாவது அப்படியே இருந்தது. இரண்டாவது பால் கலந்ததுபோல் வெளுத்தது. அந்த ஒரு பேட்டரியின் ஆறு அறைகளிலும் எடுத்துச் செய்து பார்த்தோம், ஆறும் வெளுத்தன.

வெள்ளிக்கிழமை காலை சாயப்பட்டறைக்குப் போனேன். வெள்ளிதோறும் ஜெனரேட்டருக்குச் சூடம் காட்டுவதற்கு முன் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது சின்னச்சாமியின் வழக்கம். மறுநாள் வேலை போகப்போகிறது என்று தெரிந்தும், ஒரு சில்வர் கெண்டியை மூன்று முறை அலசிக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன். பேட்டரி வாட்டர் கேன் எங்கோ இருக்கும் என்று நினைத்தேன். அவர் நேராகத் தண்ணீர் பிளான்ட்டுக்குப் போனார். போர்க்கிணற்றில் வரும் கடினத் தண்ணீரைச் சாயத்துக்கு ஏற்றதாக மாற்றும் இடம் அது. அங்கிருந்த தொட்டியில் கெண்டியை நிரப்பினார். ஒரு சிறு குப்பியில் கொஞ்சம் ஊற்றி, பிளான்ட்டுக்காரர் வைத்திருந்த சொட்டு மருந்தை விட்டார். தண்ணீர் நீலமாயிற்று. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் திருப்தியோடு திரும்பினார்.

நாங்கள் வைத்திருந்த ஜோடியின் மூடியை அவர் திறக்கும் வரை பேசாமல் இருந்தேன். கெண்டியைச் சாய்க்கப் போனபோது கையைப் பிடித்தேன்.

"இது என்ன தண்ணிங்கண்ணா?"

"உப்பில்லாத தண்ணிங்க சார். நீங்க சொன்னதுதானுங்க. நீலம் வந்தாத்தானுங்க ஊத்துவேன். சேப்பு வந்துச்சுன்னா உப்பு இருக்குதுன்னு அர்த்தமுங்க, அன்னிக்கு ஊத்த மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் போர் தண்ணீரை உப்புத் தண்ணீர் என்போம். அந்தப் பட்டறையில், பிளான்ட் வழியாக மாறி வரும் தண்ணீருக்கு உப்பில்லாத தண்ணீர் என்று பெயர். துணிக்கு அது நல்ல தண்ணீர். ஆனால் போர் தண்ணீரில் இருந்த உப்பில் துணிக்கு ஆகாத பகுதியைத்தான் பிளான்ட் மாற்றும். பேட்டரிக்கு ஆகாதது அப்படியே தங்கும். அந்த பிளான்ட்டையே வாரம் ஒருமுறை மூட்டை உப்பைக் கரைத்துத்தான் கழுவுவார்கள். நீல நிறம் அதைக் காட்டாது.

நோட்டைப் புரட்டி, சார்ஜர் மாட்டிய நாளைப் பார்த்தேன். ஏழு அளவு இருந்தது, நேரம் இருந்தது, நான்கு போல்ட்டின் அளவுகூட இருந்தது. கடைசியில் ஒரு வரி: தண்ணீர் பற்றி ஆபரேட்டருக்குச் சொல்லப்பட்டது. என்ன சொன்னேன் என்று இல்லை. ஆனால் நினைவு வந்துவிட்டது. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்று அவர் கேட்டார். கடையில் விற்கும் பேட்டரி வாட்டர் என்று சொல்லியிருக்க வேண்டும். பையை மாட்டிக்கொண்டே, "உப்பில்லாத தண்ணியா ஊத்துங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஒரு வருடத்துக்கு மேலாக அவர் அதைத் தவறாமல் செய்திருக்கிறார். அந்தப் பட்டறையில் இருந்ததிலேயே சிறந்த தண்ணீரை, சோதித்துப் பார்த்து, வாராவாரம்.

இருவருமாக முதலாளியின் அறைக்குப் போனோம். பேட்டரிக்குள் உப்பு போயிருக்கிறது, பிளான்ட் தண்ணீர்தான் காரணம் என்று சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டுச் சின்னச்சாமியைப் பார்த்தார்.

"அந்தத் தண்ணிய ஊத்தச் சொல்லி ஆரு சொன்னது?"

சின்னச்சாமி தரையைப் பார்த்தபடி, "நானாத்தானுங்க ஊத்தினேன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் பேசுவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று என்னால் சொல்ல முடியாது. அது குறுகிய நேரம் இல்லை. எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள். கம்பெனியில் ஐந்து பேரில் ஒருவரைக் குறைக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. பேசாமல் இருந்தால் விஷயம் அந்த அறையோடு முடிந்திருக்கும். சின்னச்சாமியின் கை, மடிப்பதற்குத் துணி இல்லாமல், வேட்டியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"நான்தானுங்க சொன்னேன். உப்பில்லாத தண்ணின்னு சொன்னேன். எந்தத் தண்ணின்னு சொல்லல" என்றேன்.

முதலாளி போனை எடுத்துத் தேவசகாயம் சாரை அழைத்தார். இருபது நிமிடத்தில் சார் வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்காமல், "எங்க ஆளு சொன்னதுதான் தப்பு. நாங்க வச்சிருக்க பேட்டரி ரெண்டும் இங்கனயே இருக்கட்டும்" என்று முதலாளியிடம் சொன்னார். பிறகு என் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி என் முன்னால் வைத்தார். "எழுதுனதுல தப்பில்ல. பாதியில நிறுத்திட்டீரு. மிச்சத்தையும் எழுதும்." எழுதினேன். பேட்டரிகள் மாற்றப்படவில்லை, எண்கள் ஒத்துப்போகின்றன. நீர் மட்டம் முறையாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது. எந்த நீர் என்பதை ஆபரேட்டருக்குத் தெளிவாகச் சொல்லாதவன் நான். கீழே கையெழுத்து. அதற்குக் கீழே சாரும் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி படித்து முடித்துவிட்டு, சரி, போய் வேலையைப் பார் என்று சின்னச்சாமியிடம் சொன்னார். வெளியே வந்ததும், என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

"உங்களுக்கும் இது சோறு போடற வேலதானுங்களே சார். எனக்குத்தான் பேரு போயிருச்சு. உங்களுதும் எதுக்குங்க போகோணும்?"

அவர் பெயர் போயேதான் இருந்தது. வேலை நிலைத்துவிட்டது, பெயர் நிலைக்கவில்லை. முப்பத்தொரு பேருக்கும் திங்கட்கிழமை கேட்டது மட்டும்தான் தெரியும். நான் மறுபடி உள்ளே போய், முதலாளி அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன். அவர் முகம் சுருங்கியது. சார் நாற்காலியை விட்டு எழுந்து, கூடத்துக்குப் போகும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

முதலாளி வந்து கூடத்தின் நடுவில் நின்றார். வின்ச்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. சின்னச்சாமி எதையும் எடுக்கவில்லை, பேட்டரியில்தான் கோளாறு என்று சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முதல் தொட்டியில் நின்ற நான்கைந்து பேருக்குக் கேட்டிருக்கும். அவர் திரும்பியபோது, சின்னச்சாமி கைகளைக் கட்டிக்கொண்டு, வழக்கமான அதே பணிவான குரலில் சொன்னார்.

"ஏனுங்க, கொஞ்சம் சத்தமாச் சொல்லோணுமுங்க. அன்னிக்குச் சத்தமாத்தானுங்க சொன்னீங்க."

 முதலாளி அவரையே பார்த்தார். பிறகு ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசித் தொட்டியில் நின்றவர்களும் நிமிர்ந்து பார்க்கும்படி, திரும்பச் சொன்னார்.